காலியா நங்கூரமிட்ட கடல்

தூத்துக்குடியின் பழைய துறைமுகத்தில் பெரிய நீராவிக் கப்பல்கள் கரையைத் தொட்டதே இல்லை. அங்கே கடல் ஆழமில்லாதது. கப்பல்கள் ஐந்தாறு மைல் தள்ளி நங்கூரம் பாய்ச்சி நிற்கும். மூட்டைகள் தோணியில் போகும், ஆட்கள் படகில் போவார்கள். கடலில் ஆடிக்கொண்டே கப்பலின் பக்கவாட்டுப் படிகளில் கால் வைத்து ஏற வேண்டும். 1907ஆம் ஆண்டு மே மாதம் எஸ்.எஸ். காலியா வந்து நின்றதும் அந்தத் தொலைவில்தான். கரையில் கூடியிருந்தவர்களுக்குப் புகைபோக்கியும் பாய்மரத் தண்டுகளும் ஒரு கரிய கோடும் தெரிந்திருக்கும். அது தங்கள் கப்பல் என்று அவர்களுக்குத் தெரியும். அதற்குமேல் என்ன வேண்டும்?

நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தக் கப்பலைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை சிறு வயதிலிருந்து என்னை விடாமல் தொடர்கிறது. அதை வாங்கிக் கொண்டுவந்த வ.உ.சிதம்பரம் பிள்ளையின் சிலைகளை எங்கள் பக்கத்தில் எத்தனையோ இடங்களில் பார்த்திருக்கிறேன். ஓட்டப்பிடாரத்தில் அவர் பிறந்த வீட்டையும் பார்த்திருக்கிறேன். எனக்கு வேண்டியது கப்பல். அதை எந்த நாட்டில், எந்தப் பட்டறையில் கட்டினார்கள்? எஞ்சின் எப்படிப்பட்டது? தூத்துக்குடிக்கு வருமுன் எந்தக் கடலில் ஓடியது, நம்மை விட்டுப் போன பிறகு எந்தப் பெயரில் ஓடியது, கடைசியில் எந்தக் கரையில் உடைத்தார்கள்? ஒரு மனிதரின் வாழ்க்கையை அறிய விரும்புவதுபோலவே அந்தக் கப்பலின் வாழ்க்கையையும் அறிய விரும்புகிறேன்.

இங்கிலாந்தில் பந்தயத்துக்கென்று கட்டிய பன்னிரண்டு, பதினான்கு அடிப் பாய்ப்படகுகளுக்குக்கூட இப்படி வம்ச வரலாறு உண்டு. ஒவ்வொரு படகின் பாயிலும் அதன் வகைக் குறியும் ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் கட்டியவர் யார், முதல் சொந்தக்காரர் யார், எந்த ஏரியில் எந்தக் கழகத்துக்காக ஓடியது, எத்தனை கை மாறியது என்பதெல்லாம் வரும். பண்ணை வீட்டுக் கொட்டகையில் வைக்கோலுக்கு அடியில் கிடந்த படகை எடுத்து, பலகையைச் சுரண்டி, பழைய எண்ணைக் கண்டுபிடித்து, இறந்துபோன சொந்தக்காரரின் பேரப்பிள்ளைகளைத் தேடிப் போகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். இரண்டு பேர் உட்கார்ந்து ஓட்டும் மரப்படகுக்கு அவ்வளவு மரியாதை. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் காலியாவின் நினைவு வரும். ஓர் ஏகாதிபத்தியத்தின் கப்பல் கம்பெனியோடு மல்லுக்கு நின்ற கப்பல் அது.

தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவர்களுக்குக் கடல் ஒன்றும் தூரமில்லை. ஆறு போய்ச் சேரும் புன்னைக்காயலும், அதற்குச் சற்று உள்ளே பழைய காயலும், அதற்கும் முன்னால் பாண்டியர்களின் கொற்கையும் இந்த ஆற்றின் துறைமுகங்கள். ஆறு வண்டலைக் கொண்டுவந்து கொட்டக் கொட்டக் கடல் விலகிப் போயிற்று. கொற்கை இன்று கடலைப் பார்க்க முடியாத வயல்காட்டு ஊர். துறைமுகம் இடம் மாறி மாறி வடக்கே தூத்துக்குடிக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் எதிர்க்கரை எப்போதும் ஒன்றுதான், இலங்கை. என் சிறு வயதில் திருநெல்வேலி டவுனில் எங்கள் ஆச்சி கொழும்பைப் பற்றிப் பேசுவது பக்கத்துத் தெருவைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும். "சாயந்தரம் கப்பலேறுனா விடியக் கொழும்புல காப்பி குடிக்கலாம்ல. மெட்ராசுக்குப் போறதுதாம்ல தூரம்" என்பாள். அவள் போனதில்லை. அவளுடைய அப்பா போய் வந்தவர். மளிகைக் கடைக் கணக்கு எழுதப் போனவர்களும் நகைக்கடை வைக்கப் போனவர்களும் புடவை மூட்டையோடு போனவர்களும் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள்.

அந்த வழியைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது அது இல்லை. 1876இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. திருநெல்வேலியிலிருந்து ஏறினால் மணியாச்சி சந்திப்பு. அங்கே சென்னை வண்டியின் வழியோடு சேர்ந்து, தட்டப்பாறை தாண்டித் தூத்துக்குடி. சென்னையிலிருந்து வரும் வண்டியே கொழும்புக் கப்பலுக்கு ஆள் கொண்டுவரும் வண்டிதான். மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களும் இந்த வழியே கூட்டம் கூட்டமாகப் போனார்கள். கங்காணியின் பின்னால் பிள்ளையும் பாத்திரமுமாகப் போன அந்த ஜனங்களின் காசுதான் கப்பல் கம்பெனியின் லாபம். தளத்தில் உட்கார்ந்தும் படுத்தும் போகிற சாதாரணப் பயணிகள் இல்லாவிட்டால் அந்தக் கடல்வழிக்கு வருமானமே இல்லை.

அந்த வழி பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் கையில் இருந்தது. 1856இல் கல்கத்தாவுக்கும் பர்மாவுக்கும் இடையே ஓடத் தொடங்கிய கம்பெனி அது; இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது நூறு கப்பலுக்கு மேல் வைத்திருந்தது. தூத்துக்குடியில் அதற்கு ஏஜெண்டு ஏ அண்ட் எஃப் ஹார்வி. இந்த ஹார்விகளை எங்கள் ஆற்றங்கரைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். பாபநாசத்தில் தாமிரபரணி மலையிலிருந்து இறங்கும் விசையைக் கொண்டு நூற்பாலை நடத்தியவர்கள் அவர்கள். தூத்துக்குடியில் கோரல் மில்லும் அவர்களுடையது. கரிசல் காட்டுப் பருத்தி, பாபநாசத்துத் தண்ணீர், தூத்துக்குடி ஆலை, கொழும்புக் கப்பல் எல்லாம் ஒரே வெள்ளைக்கார வியாபாரக் குடும்பத்தின் மேஜையில் சந்தித்தன. வ.உ.சி. எதிர்த்தது ஒரு கப்பலை அல்ல, இந்த முழு ஏற்பாட்டையும்தான். ஆற்றின் தலையிலிருந்து கடல் வரை நீண்டு கிடந்த அந்த அதிகாரத்தைப் புரிந்துகொண்டால்தான், கப்பல் வாங்குவது என்ற எண்ணம் அன்று எவ்வளவு துணிச்சலானது என்பது விளங்கும்.

அவர் 1872 செப்டம்பர் 5 அன்று ஓட்டப்பிடாரத்தில் பிறந்தவர். அப்பா உலகநாத பிள்ளை வக்கீல். மகனும் வக்கீல் ஆனார். 1900இல் தூத்துக்குடிக்கு வந்து தொழில் நடத்தினார். 1906 அக்டோபர் 16 அன்று சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளுக்கு இரண்டு லட்சம் ரூபாய் கொடுத்தார். வக்கீல்களும் வியாபாரிகளும் சேர்ந்தார்கள்.

அந்த 25 ரூபாயில்தான் எனக்கு முழுக் கதையும் இருப்பதாகத் தோன்றுகிறது. பத்துப் பணக்காரர்களைப் பிடித்து ஆளுக்கு ஒரு லட்சம் வாங்கியிருக்கலாம். கம்பெனி சீக்கிரம் கிளம்பியிருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேர்த்தால் ஒரு குமாஸ்தாவும் கப்பலில் பங்காளி ஆகலாம் என்று வைத்தார். ஊர் ஊராகப் போய்ப் பங்கு விற்றார். கப்பலின் சொந்தக்காரர் யார் என்று கேட்டால் வ.உ.சி. என்று நாம் உடனே சொல்லிவிடுகிறோம். பாளையங்கோட்டையிலும் மதுரையிலும் சேலத்திலும் ஒரு காகிதத்தைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்த பெயர் தெரியாத ஆட்களும் அதன் சொந்தக்காரர்கள்தாம். அப்படியொரு உடைமையை இந்தத் தேசத்தின் கடலில் அதற்கு முன் எங்கள் பக்கம் கண்டதில்லை.

முதலில் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் கிடையாது. பம்பாயின் ஷா லைன் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்தார்கள். வெள்ளைக்காரக் கம்பெனி கொடுத்த நெருக்குதலில் ஷா லைன் கப்பலைத் திரும்ப எடுத்துக்கொண்டது. ஏற்றுமதிக்குச் சரக்கு கிடக்கிறது, டிக்கெட் வாங்கியவர்கள் காத்திருக்கிறார்கள், கப்பல் இல்லை. வ.உ.சி. கொழும்புக்குப் போய் ஒரு பெரிய கப்பலை வாடகைக்குப் பிடித்து வந்து சேவையை நிறுத்தாமல் பார்த்துக்கொண்டார். ஆனால் இரவல் கப்பலை எந்த நாளும் பிடுங்கலாம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பம்பாய்க்குப் புறப்பட்டார். திரும்பினால் கப்பலோடு திரும்புவேன், இல்லையென்றால் கடலில் விழுந்து சாவேன் என்று சொல்லிப் போனதாக எங்கள் பக்கத்தில் இன்றும் பேசுவார்கள். மூத்த பையன் உலகநாதன் நோயில் கிடந்தான்; மனைவி மீனாட்சி அம்மாள் கர்ப்பிணி. இப்போது போகாதீர்கள் என்றார்கள் நண்பர்கள். குழந்தையைக் கடவுள் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிப் போய்விட்டார். இந்த இடத்தில் எனக்கு எப்போதும் மீனாட்சி அம்மாளின் முகம்தான் நினைவுக்கு வரும். கப்பலுக்கு அவரும் ஒரு விலை கொடுத்தார். அந்த விலை எந்தப் பங்குப் பத்திரத்திலும் பதிவாகவில்லை.

1907 மே மாதம் காலியா வந்தது. அடுத்து லாவோ என்ற இன்னொரு கப்பல் பிரான்சிலிருந்து வாங்கப்பட்டு வந்தது, அதற்காக எஸ்.வேதமூர்த்தி முதலியார் பிரான்ஸ் வரை போனார். ஒவ்வொரு கப்பலும் முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1,300 பேரோடு 4,000 மூட்டைச் சரக்கையும் ஏற்றக்கூடியது என்று நூல்கள் கணக்குச் சொல்கின்றன. நான் இந்த எண்களைப் பலமுறை எழுதிப் பார்த்திருக்கிறேன். 1,300 பேர் என்றால் அந்தக் காலத்து ஒரு நடுத்தரக் கிராமமே ஒரே இரவில் கடல் தாண்டுகிறது. எட்டயபுரத்துக்காரரான பாரதி சென்னையில் நடத்திய 'இந்தியா' பத்திரிகை கப்பல்களின் வருகையைக் கொண்டாடி எழுதியது. தவமிருந்த தாய்க்கு ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகள் பிறந்த மகிழ்ச்சிக்கு அவர் அதை ஒப்பிட்டார்.

பிறகு நடந்தது கட்டணப் போர். இதைப் பள்ளிக்கூடப் பாடத்தில் ஒரு வரியில் சொல்லி முடிப்பார்கள். வெள்ளைக்காரக் கம்பெனி தன் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணா ஆக்கியது. அவர்கள் சும்மாவே ஏற்றிக்கொள்கிறோம், கூட ஒரு குடையும் தருகிறோம் என்றார்கள். கேட்க வேடிக்கையாக இருக்கும் இந்தச் செய்திக்கு உள்ளே ஒரு கொடுமையான கணக்கு இருக்கிறது. நீராவிக் கப்பலுக்கு ஆள் நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். கொதிகலனுக்குக் கரி வேண்டும். கேப்டனுக்கும் எஞ்சினியருக்கும் கரி அள்ளிப் போடுகிறவருக்கும் சம்பளம் வேண்டும். காப்பீடு கட்ட வேண்டும். துறைமுகக் கட்டணம், படகுக் கூலி, பழுது பார்ப்பு எல்லாம் உண்டு. நூறு கப்பல் வைத்திருப்பவன் ரங்கூனிலும் பாரசீக வளைகுடாவிலும் சம்பாதித்துக் கொழும்பு வழியில் விடலாம். இரண்டே கப்பல் வைத்திருப்பவனுக்குக் கொழும்பு வழி ஒன்றுதான் உண்டு. ஒவ்வொரு எட்டணா டிக்கெட்டும் அந்த 25 ரூபாய்ப் பங்காளிகளின் முதலைத் தின்றது.

அப்படியிருந்தும் ஜனங்கள் குடையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு காலியாவில் ஏறினார்கள். எனக்கு இந்தச் சம்பவத்தைப் போல நெஞ்சை நிறைக்கும் செய்தி எங்கள் ஜில்லா வரலாற்றில் வேறில்லை. கையில் காசில்லாத ஒரு மனிதர், இலவசப் பயணத்தை விட்டுவிட்டு, எட்டணா கொடுத்துத் தன் ஊர்க் கப்பலில் ஏறுகிறார். அவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. வியாபாரிகள் சரக்கைச் சுதேசிக் கப்பலுக்கே கொடுப்போம் என்று நின்றார்கள். துறைமுகத்திலும் மருத்துவச் சோதனையிலும் சுங்கத்திலும் சுதேசிப் பயணிகளைக் காக்க வைத்தார்கள், அலைக்கழித்தார்கள். அப்போதும் ஏறினார்கள்.

1908இன் கதையை எல்லோரும் அறிவார்கள், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரி கடைசியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் அவருடைய தோழர் சுப்பிரமணிய சிவாவும் அவர்களோடு நின்றார்கள், தொழிலாளர்கள் வென்றார்கள். மார்ச் 9 அன்று வங்கத் தலைவர் விபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாடும் கூட்டம் திருநெல்வேலியில் தாமிரபரணிக் கரையின் தைப்பூச மண்டபத்தில் நடந்தது. மூன்றே நாளில், 12ஆம் தேதி, வ.உ.சி.யும் சிவாவும் கைதானார்கள். 13ஆம் தேதி திருநெல்வேலி எழுந்தது. கல்லூரி மாணவர்கள் வெளியே வந்தார்கள், கடைகள் மூடின, நகராட்சி அலுவலகமும் தபால் நிலையமும் தாக்கப்பட்டன, மண்ணெண்ணெய்க் கிடங்கு எரிந்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனைகள், மொத்தம் நாற்பது ஆண்டுகள் என்று தீர்ப்பு எழுதினார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையிலும் கண்ணூர்ச் சிறையிலும் காலம் கழிந்தது. கோயம்புத்தூரில் மாட்டுக்குப் பதிலாக அவரைச் செக்கில் கட்டினார்கள்.

அந்தச் செக்கு இன்று நினைவுச்சின்னம். வணங்கத்தக்கது, சந்தேகமில்லை. ஆனாலும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அவர் பட்ட பாட்டின் சாட்சியைப் பாதுகாத்துவிட்டோம்; அவர் செய்து காட்டிய காரியத்தின் சாட்சியை விட்டுவிட்டோம். வ.உ.சி. என்றால் நம் பிள்ளைகளின் மனதில் முதலில் வருவது செக்கிழுக்கும் உடம்பு. கப்பல் கம்பெனி நடத்திய மூளை, பங்குப் பத்திரம் அச்சடித்த திட்டம், கரிக்கும் காப்பீட்டுக்கும் பணம் புரட்டிய கை இவையெல்லாம் அதற்குப் பின்னால் மறைந்துபோயின. வெள்ளைக்காரன் அவரைச் செக்கிழுப்பவராக ஆக்க நினைத்தான். நாமும் அந்தப் படத்தையே பெரிதாக மாட்டி வைத்திருக்கிறோம்.

அவர் சிறைக்குள் இருந்தபோது கம்பெனி தளர்ந்தது. 1911இல் கலைக்கப்பட்டது, கப்பல்கள் போட்டிக்காரர்கள் கைக்குப் போயின. எந்தக் கம்பெனியை எதிர்க்கக் காலியாவை வாங்கினார்களோ அந்தக் கம்பெனியிடமே அது விற்கப்பட்டது என்பது எங்கள் பக்கத்தில் வழிவழியாகச் சொல்லிவரும் துயரம். அதே 1911இன் ஜூன் 17 அன்று, கொழும்புக்குப் போகிறவர்கள் வண்டி மாறும் அதே மணியாச்சி சந்திப்பில், வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டார். தூத்துக்குடியில் அதிகாரியாக இருந்தபோது சுதேசிக் கம்பெனிக்கு இடைஞ்சல் செய்தவர் என்று ஆஷின் மேல் ஜனங்களுக்குக் கோபம் இருந்தது. கடல்வழியும் ரயில்வழியும் சிறையும் துப்பாக்கியும் எங்கள் ஜில்லாவின் ஐந்து வருடத்துக்குள் இப்படிப் பின்னிக் கிடக்கின்றன.

1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது கப்பல் இல்லை, வக்கீல் சன்னது இல்லை, வரவேற்க ஆளும் அதிகமில்லை. சென்னையில் சிரமப்பட்டார். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று கொடுத்த 347 ரூபாய் 12 அணா காந்தியிடம் இருந்தது. அதற்காக 1915, 1916இல் அவர் காந்திக்கு எழுதிய கடிதங்களைப் படித்தால் கண் கலங்கும். பத்து லட்சம் மூலதனக் கம்பெனியை நடத்தியவர் 347 ரூபாய்க்குக் காத்திருந்தார். பின்பு நீதிபதி வாலஸ் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. நன்றிக்காகத் தன் பிள்ளைக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் வழக்கு நடத்தினார். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைப் பதிப்பித்தார், திருக்குறளுக்கு உரை எழுதினார், தன் வாழ்க்கையை அகவலில் பாடி வைத்தார். 1936 நவம்பர் 18 அன்று தூத்துக்குடியில் இறந்தார்.

கப்பல் போனது மட்டுமல்ல, அது ஓடிய வழியும் போயிற்று. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தது. சென்னையிலிருந்து வரும் வண்டி தனுஷ்கோடிக்குத் திரும்பியது. அங்கிருந்து தலைமன்னாருக்குச் சிறு கப்பல். கொழும்புக்குப் போகும் பெருங்கூட்டம் தூத்துக்குடியை விட்டு விலகியது. தனுஷ்கோடியை 1964 டிசம்பர் புயல் கொண்டுபோனது. 2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு 'ஸ்கோட்டியா பிரின்ஸ்' என்ற பயணிகள் கப்பல் விட்டார்கள். ஆச்சி சொன்ன அந்த ஓர் இரவுப் பயணம் திரும்பி வந்துவிட்டது என்று நான் மகிழ்ந்து போனேன். அந்த நவம்பரிலேயே நின்றுவிட்டது. இன்று தூத்துக்குடியின் பழைய துறைமுகத்திலிருந்து கடல் தாண்டுவது தோணிகள்தாம். ஒரு காலத்தில் பாய் விரித்துப் போனவை இப்போது எஞ்சின் வைத்துக் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றி மாலத்தீவுக்குப் போகின்றன. அன்று காலியாவுக்கு மூட்டை கொண்டுபோய் ஏற்றிய தொழிலின் வாரிசுகள் இவை. அந்தத் துறைமுகத்தில் நின்று தோணிக்காரர்கள் மூட்டை அடுக்குவதைப் பார்க்கும்போது, கடலைப் பார்த்து நிற்கும் எனக்கு ஐந்தாறு மைல் தள்ளி ஓர் இடம் வெறிச்சென்று இருப்பது தெரியும்.

நம்மில் பெரும்பாலோருக்குத் தெரிந்த சுதேசிக் கப்பல் 1961இல் வந்த 'கப்பலோட்டிய தமிழன்' படத்தில் வருவது. ம.பொ.சிவஞானத்தின் நூலை வைத்து பி.ஆர்.பந்துலு எடுத்த படம்; சிவாஜி கணேசன் வ.உ.சி.யாகவே வாழ்ந்தார். அந்தப் படம் எனக்கும் உயிர். ஆனால் அந்தக் கப்பல் படப்பிடிப்புக்கு உதவிய கப்பல். வரலாற்றாசிரியர் ஆ.இரா.வேங்கடாசலபதி 1984இலேயே வ.உ.சி. கடிதங்களைத் தொகுத்து வெளியிட்டவர். சுதேசிக் கம்பெனியின் வரலாற்றை ஆங்கிலத்தில் 2023இல் விரிவாக எழுதினார். திருநெல்வேலி எழுச்சியைப் பற்றிய அவருடைய தமிழ் நூலுக்கு 2024ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. கம்பெனியைப் பற்றி அறிய வேண்டியவர்கள் அங்கே போகலாம். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு 2011இல் வ.உ.சிதம்பரனார் பெயர் வைத்தாயிற்று. கப்பலின் உடம்பைக் கண்ணால் பார்க்கும் பாக்கியம்தான் இன்னும் வரவில்லை.

அது முடியாத காரியமில்லை. லண்டனில் ஆண்டுதோறும் அச்சான லாயிட்ஸ் கப்பல் பதிவேடு, கடலில் ஓடிய நீராவிக் கப்பல்களுக்குக் கட்டிய இடம், ஆண்டு, நீளம், அகலம், டன் கொள்ளளவு, எஞ்சின், பழைய பெயர், சொந்தக்காரர் என்று ஒவ்வொன்றையும் வரிசையாகச் சொல்லும். அதன் பழைய தொகுதிகள் இன்று வீட்டில் உட்கார்ந்தே பார்க்கக் கிடைக்கின்றன. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் பழைய தாள்கள் கிரீன்விச்சின் கடல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அந்தக் காலத்துத் துறைமுகக் கோப்புகள் உண்டு. கொழும்பு நாளிதழ்களில் கப்பல் வரவு போக்குக்கு என்று தனிப் பத்தி இருந்தது. இவற்றை ஒன்று சேர்த்தால், கப்பல் கட்டுமானம் படித்த நம் பிள்ளைகள் காலியாவுக்கும் லாவோவுக்கும் அளவு பிசகாத மாதிரி ஒன்று செய்துவிடலாம். இவ்வளவு நீளமென்று ஆறு வயதுக் குழந்தைக்கும் விளங்கும்படி தூத்துக்குடிக் கடற்கரைச் சாலையில் ஒன்றும், எங்கள் ஊர் ஆற்றங்கரையில் தைப்பூச மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒன்றும் வைக்க வேண்டும். சிலைக்கு மாலை போடும் நாளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதற்குள் ஏறிப் பார்க்க வேண்டும். சாதாரண வகுப்பு எங்கே, கரி அள்ளிப் போட்ட இடம் எது, நாலாயிரம் மூட்டை எங்கே அடுக்கினார்கள் என்று அவர்கள் கேட்க வேண்டும்.

இதைப் படிக்கிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. திருநெல்வேலி, தூத்துக்குடி, மதுரை, சேலம், கொழும்பு, யாழ்ப்பாணம் எங்கே இருந்தாலும் சரி, உங்கள் வீட்டுப் பழைய டிரங்குப் பெட்டியை, தாத்தாவின் வழக்குக் கட்டுகளை, கடைக் கணக்குப் பேரேடுகளை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் 25 ரூபாய்ப் பங்குப் பத்திரமோ, எட்டணா டிக்கெட்டோ, சரக்கு ரசீதோ, காலியா என்று பெயர் வரும் ஒரு கடிதமோ இருக்கலாம். கிடைத்தால் பழைய காகிதக்காரருக்குப் போடாதீர்கள், லேமினேட் செய்யவும் வேண்டாம். மூலத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நல்ல நகல் ஒன்றை எடுத்துச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கோ கொடுங்கள். அந்தக் காகிதம் வைத்திருந்தவர் அந்தக் கப்பலின் சொந்தக்காரர். அவர் பெயரும் ஊரும் பதிவாக வேண்டும்.